மனு வராதவர்கள்

(சிறை ஊழியத்துக்குப் புதிதாகப் பெயர் கொடுத்த தன்னார்வலர்களிடையே பாளையங்கோட்டையில் ஆற்றிய சொற்பொழிவு)



ஒரு சொல்லிலிருந்து ஆரம்பிக்கிறேன். மனு. நமக்கு மனு என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று கொடுக்கிற காகிதம். சிறைக்குள் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். "எனக்கு இன்னைக்கு மனு வந்திருக்கு" என்று ஒருவர் சொன்னால், அவரைப் பார்க்க வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று பொருள். பெயரைக் கூப்பிட்டதும் தலையில் தண்ணீரைத் தொட்டுச் சீவிக்கொண்டு, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மா நிற்பாள், மனைவி நிற்பாள், இடுப்பில் பிள்ளை இருக்கும். கொஞ்ச நேரம்தான். பக்கத்தில் நிற்பவர்களும் அவரவர் வீட்டுக் கதையைச் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். பாதி காதில் விழாது. ஆனாலும் திரும்பி வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு அவர் யாரோடும் சண்டை போடமாட்டார்.

முதல் வருஷம் வாரா வாரம் மனு வரும். வழக்குக்காக வயலை விற்றிருப்பார்கள், நகையை அடகு வைத்திருப்பார்கள். அப்புறம் மாதம் ஒருமுறையாகும். பஸ் செலவு, ஒரு நாள் கூலி நஷ்டம், அம்மாவுக்கு முழங்கால் வலி. தங்கைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் அண்ணனைப் பற்றிக் கேட்பார்களே என்று தம்பி வருவதை நிறுத்திவிடுவான். ஒருநாள் அம்மா இறந்துபோன செய்தி வரும். அதோடு மனு நின்றுவிடும். அப்படி மனு நின்றுபோன ஒருவரை எனக்குத் தெரியும். வருஷக்கணக்காக யாரும் வராதவர். ஆனால் பெயர் கூப்பிடும் நேரத்தில், கூப்பிடும் சத்தம் கேட்கிற தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

நான் எந்தச் சிறைக்குப் போகிறேன் என்று இங்கே சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. உள்ளே கேட்டதை வெளியே ஆள் அடையாளம் தெரியும்படி பேசக்கூடாது என்பது இந்த ஊழியத்தின் முதல் கட்டுப்பாடு. ஜெபக் குறிப்பு என்ற பெயரிலும் பேசக்கூடாது. ஜெபக் கூட்டத்தில் சொன்ன செய்தி சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

மத்தேயு சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரத்தை நீங்கள் அறிவீர்கள். நியாயத்தீர்ப்பு நாளில் ராஜா கணக்குக் கேட்கும் பகுதி. அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுக்கவேண்டும், தாகமானவனுக்குத் தண்ணீர், துணியில்லாதவனுக்குத் துணி. சிறையில் இருப்பவனுக்கு என்ன கொடுக்கவேண்டும் என்று அங்கே ஒன்றுமே சொல்லப்படவில்லை. விடுதலை வாங்கிக் கொடு என்றோ, புத்தி சொல் என்றோ இல்லை. அவனிடத்தில் போனாயா என்ற ஒரே கேள்விதான். நம் பாஷையில் சொன்னால், அவனுக்கு நீ மனுவாகப் போனாயா?

பவுல் அப்போஸ்தலனின் நிருபங்களில் சில சிறையிலிருந்து எழுதப்பட்டவை. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசியில் அவர் கேட்பது என்ன? துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வரச்சொல்கிறார். புஸ்தகங்கள் வேண்டும் என்கிறார். குளிர்காலத்துக்கு முன்னே வந்துவிடு என்கிறார். ரோமச் சிறையில் போர்வைக்கும் உணவுக்கும் கைதி தன் சொந்தக்காரர்களையும் சிநேகிதர்களையும்தான் நம்பியிருக்கவேண்டும். அதே நிருபத்தில் ஒநேசிப்போரு என்று ஒருவர் வருகிறார். அவர் பிரசங்கம் செய்ததாகவோ அற்புதம் செய்ததாகவோ எந்தக் குறிப்பும் இல்லை. ரோமாபுரியில் தேடி அலைந்து பவுலைக் கண்டுபிடித்தார், அவருடைய விலங்கைப் பார்த்து வெட்கப்படவில்லை. அவ்வளவுதான். அதற்காகவே அவர் பெயர் வேதத்தில் இருக்கிறது. பிரசங்கம் செய்யத் தெரியாதே என்று பயந்து தயங்குகிறவர்கள் இங்கே இருந்தால், ஒநேசிப்போருவை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரசங்கத்தைப் பற்றி நான் மனம் திறந்து பேசவேண்டும். நான் தவறு செய்த இடம் அது.

ஆரம்பத்தில் கெட்ட குமாரன் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிறைக்கு அதைவிடப் பொருத்தமான கதை வேறில்லை என்று நினைத்தேன். ஓடிப்போன மகன் திரும்பி வருகிறான், தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். பலர் அழுவார்கள். பின்வரிசையில் ஒருவர் மட்டும் தலையைத் தூக்காமலே இருப்பார்; ஆனால் ஒரு வாரமும் வராமல் இருந்ததில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒருநாள் எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணாச்சி, அந்தக் கதையில அப்பா உயிரோட இருக்காரு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. தகப்பனைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்றவர் அவர் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அத்தனை வாரமும் என் வார்த்தை அவரை எப்படி அறுத்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அப்படியென்றால் முதலிலேயே வழக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. "என்ன கேஸ்?" என்ற கேள்வியை நாம் ஒருபோதும் கேட்பதில்லை. போலீஸ் கேட்டது, வக்கீல் கேட்டார், கோர்ட்டில் கேட்டார்கள், உள்ளே வந்த முதல் இரவில் பக்கத்தில் படுத்தவரும் கேட்டார். அவராகச் சொல்லும்வரை நாம் போய்க்கொண்டிருக்கவேண்டும். அதுவரை வாய் கொஞ்சம் அடங்கியிருக்கவேண்டும். அதனால்தான் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் ஆறு மாதம் பேச வாய்ப்புக் கொடுப்பதில்லை. போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். கடிதம் எழுதிக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் உள்ளே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு இஸ்லாமியத் தம்பி மாதாமாதம் என்னிடம் தன் அக்காவுக்குக் கடிதம் எழுதச் சொல்வான். அவன் நம் ஆராதனைக்கு வந்ததே இல்லை. நானும் கூப்பிட்டதில்லை.

நான் கூப்பிடாததற்குக் காரணம் இருக்கிறது. தெருவில் நின்று நாம் பேசினால் பிடிக்காதவர் எழுந்து போய்விடுவார். சிறைக்குள் இருப்பவர் எங்கே போவார்? நம் கையில் சோப்பும் பிஸ்கட்டும் இருக்கின்றன. அவர் கையில் ஒன்றும் இல்லை. அந்த நிலையில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு விசுவாசத்தைக் கேட்பது நியாயமில்லை. சட்டமும் அனுமதியும் ஒருபக்கம் இருக்கட்டும், கர்த்தருக்கே அது பிரியமாயிராது. கொடுப்பதாயிருந்தால் எல்லோருக்கும் கொடுங்கள், ஆராதனைக்கு வராதவருக்கு முதலில் கொடுங்கள்.

இந்த ஊழியத்தில் எல்லாம் சாட்சியாக, ஜெயமாக முடியும் என்று எதிர்பார்த்து யாரும் வரவேண்டாம். நம் திருநெல்வேலிச் சீமையிலேயே ஒரு வரலாறு உண்டு. தோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரை அநாதைக் குழந்தைகளின் தாயாக நாம் அறிவோம். ஜம்புலிங்கம் என்ற பெயரையும் தெற்கே பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பொய்க் குற்றம் சாட்டப்பட்டுக் காட்டுக்கு ஓடி, கொள்ளைக்காரர் என்று பெயரெடுத்தவர். அவர் அம்மையாரைச் சந்தித்தபோது தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டார். பின்பு பிடிபட்டார். அம்மையார் அவரைப் போய்ப் பார்த்தார். காவலில் இருக்கும்போதே அவர் ஞானஸ்நானம் பெற்றார். இத்தோடு கதை முடிந்திருந்தால் நாம் எத்தனையோ கன்வென்ஷன் மேடைகளில் அதைச் சொல்லியிருப்போம். ஆனால் அவர் சிறையிலிருந்து தப்பிப் போய்விட்டார். 1923இல் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். என் ஊழியம் வீணாய்ப் போயிற்று என்று அம்மையார் ஒதுங்கியிருக்கலாம். இப்படிப்பட்டவரை எனக்குத் தெரியாது என்று கைகழுவியும் இருக்கலாம். ஆனால் அவர் அந்த மனிதரின் கதையை ஒரு முழுப் புத்தகமாக எழுதி வெளியிட்டார். சிறை ஊழியத்தில் விசுவாசம் என்பதற்கு நான் பார்த்த மிகப் பெரிய எடுத்துக்காட்டு இது. ஆள் நம்மை ஏமாற்றினாலும் நாம் அவருடைய பெயரை மறுதலிக்காமல் இருப்பது.

இங்கிலாந்தில் எலிசபெத் ஃப்ரை என்ற பெண்மணி 1813இல் லண்டன் நியூகேட் சிறைக்குள் முதலில் போனார். பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும் வைக்கோலில் கிடந்தார்கள். துணிகளைக் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பின் மறுபடியும் போக அவருக்கு மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. குடும்பக் கஷ்டம், பிரசவம், குழந்தையின் மரணம். அவருடைய பெரிய வேலையெல்லாம் இரண்டாம் முறை போனபிறகு நடந்ததுதான். 1817இல் சிறைக்குள்ளே பள்ளிக்கூடம் வைத்தார், தையல் வேலை ஏற்பாடு செய்தார். அங்கே ஒழுங்குமுறைகளை வாசித்துக் காட்டியபோது, ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண்களையே கை தூக்கி ஒப்புதல் சொல்லச் சொன்னார். திருடி என்றும் விலைமகள் என்றும் ஊர் தள்ளியவர்களிடம், உங்கள் சம்மதம் வேண்டும் என்று கேட்டவர் அவர். இடையில் விட்டுப்போனவர்கள் இங்கே சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். திரும்பி வருவதற்கு வெட்கப்படவேண்டாம்.

இனி நான் சொல்லப்போவது உபதேசமாகத் தோன்றாது. ஆனால் எனக்கு இது உபதேசத்துக்குக் குறைந்ததில்லை.

நாம் உள்ளே போனதும் மனந்திரும்புங்கள் என்கிறோம். யாரிடம் சொல்கிறோம்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். இடமிருந்தது 4,36,266 பேருக்கு. இருந்தவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். அவர்கள்மேல் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அவர்களில் சிலர் கடைசியில் விடுதலையாகிப் போவார்கள். அப்படிப்பட்டவரை ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டவரைப்போல நடத்துவது நம் வேலையா?

அவர்களில் ஜாமீன் கிடைத்தும் வெளியே போக முடியாதவர்கள் இருக்கிறார்கள். ஜாமீன் உத்தரவு கையில் இருக்கும், ஜாமீன்தாரர் கிடைக்கமாட்டார். 1978இல் உச்ச நீதிமன்றத்துக்கு மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு வந்தது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டிருந்தார்கள். அவருடைய சகோதரர் ஜாமீன் கொடுக்க முன்வந்தும், வேறு மாவட்டத்துக்காரர் என்று மறுத்துவிட்டார்கள். ஏழைக்கு எட்டாத ஜாமீன் ஜாமீனே ஆகாது என்ற கருத்தில் நீதியரசர் கிருஷ்ணய்யர் அதை ஆயிரம் ரூபாயாகக் குறைத்தார். அந்தத் தீர்ப்பு வந்து இத்தனை வருஷமாகியும், உத்தரவோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களை நான் பார்க்கிறேன்.

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 479ஆம் பிரிவைப் படித்து வையுங்கள். முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையிலேயே கழித்துவிட்டால் பிணையில் விடப்படவேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருந்தாலும் பொருந்தாது. பணம் கட்ட முடியாத ஏழைகளுக்கு மத்திய அரசு 2023இல் அறிவித்த திட்டம் ஒன்றும் இருக்கிறது. அது தொடங்கியபோது விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்டமுடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை. நீங்கள் வக்கீலாக வேண்டியதில்லை. ஒரு நோட்டில் தேதியை எழுதி வைத்துக்கொண்டு, சிறை நல அலுவலரிடமும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும் போய் "இவருடைய நாள் கணக்கைப் பாருங்கள்" என்று சொன்னால் போதும். அப்படிச் சொல்ல ஆள் இல்லாததால்தான் பலருடைய நாட்கள் எண்ணப்படாமல் போகின்றன. உணர்ச்சிவசப்பட்டு நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். அது சட்டப் பொறுப்பு. வீட்டில் கேட்டு, மூத்த தன்னார்வலர்களோடு பேசித்தான் எதையும் முடிவு செய்யவேண்டும்.

பெண்கள் சிறைக்குப் போகிற தாய்மார்களுக்கு ஒரு செய்தி. ஆறு வயது வரைக்கும் பிள்ளை தாயோடு உள்ளே இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் நெறிமுறை வகுத்தது. அந்தப் பிள்ளைகளை எல்லோரும் கவனிப்பார்கள். வெளியே பாட்டி வீட்டில் விடப்பட்ட பிள்ளைகளை யாரும் நினைப்பதில்லை. அமெரிக்காவில் அலபாமா சிறையில் தண்டனை அனுபவித்த மேரி கே பியர்ட் என்ற பெண்மணி, கிறிஸ்துமஸுக்குச் சபையார் கொடுத்த சோப்பையும் பற்பசையையும் தாய்மார்கள் பயன்படுத்தாமல் சேர்த்துவைத்துத் தங்கள் பிள்ளைகளுக்குப் பரிசாகப் பொட்டலம் கட்டியதைக் கண்டிருந்தார். விடுதலையான பிறகு, 1982இல், சிறையில் இருக்கும் பெற்றோரின் பெயரால் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டு சேர்க்கும் வேலையைத் தொடங்கினார். பரிசு அம்மாவின் பெயரில்தான் போகும், சபையின் பெயரில் போகாது. நம் மாவட்டத்தில் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது இதை ஏன் செய்யக்கூடாது? நோட்டும் ஜியாமெட்ரி பாக்ஸும் "உன் அம்மா கொடுத்தனுப்பினாள்" என்று சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் இல்லை. 2024 அக்டோபர் 3ஆம் தேதி, சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதும் ஆட்களைப் பிரித்து வைப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதில் நம் பாளையங்கோட்டைச் சிறையின் பெயரும் வந்தது. மோதல் வரும் என்பதற்காகச் சாதிவாரியாகப் பிரித்து வைத்தோம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதைப் படித்தபோது சிறையைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் சபைகளில் சிலவற்றின் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்று நமக்குத் தெரியும். அந்தச் சாதியை உள்ளே கொண்டுபோகிற தன்னார்வலர் எங்களுக்கு வேண்டாம். உள்ளே போய் "நீ எந்த ஊர், யாருடைய மகன்" என்று சுற்றி வளைத்துக் கேட்பதும் அதுதான்.

கொஞ்ச நாளைக்கு முன், மகனைக் கொலைக்குப் பறிகொடுத்த ஒரு தாய் என்னை வழியில் நிறுத்தினார். "என் பிள்ளையைக் கொன்னவனுக்கு ஜெபம் பண்ணப் போறீங்க. எனக்கு யாரு வந்தா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நாங்கள் ஒருவரும் போகவில்லை என்பது உண்மை. இந்தூருக்குப் போகும் வழியில் 1995இல் கொல்லப்பட்ட ராணி மரியா சகோதரியின் உடன்பிறந்த செல்மி பால் சகோதரி, கொலை செய்தவருக்குச் சிறையிலேயே போய் ராக்கி கட்டினார் என்ற வரலாறு நமக்குத் தெரியும். அது பெரிய கிருபை. ஆனால் அந்தக் கதையைக் கொண்டுபோய் அழுதுகொண்டிருக்கிற தாயின் முன்னே வைத்து, நீயும் மன்னித்துவிடு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்கு இப்போது எங்களில் இரண்டு பேர் மாதாமாதம் போய் வருகிறார்கள். மன்னிப்பைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை.

கடைசியாக விடுதலை நாளைப் பற்றி. வெளியே எல்லோரும் அதைக் கொண்டாட்ட நாள் என்று நினைக்கிறார்கள். ஒரு துணிப்பையோடு மனிதர் வாசலுக்கு வருவார். பெரும்பாலும் பொழுது சாய்ந்திருக்கும். எந்த பஸ் எங்கே நிற்கும் என்பது மாறியிருக்கும். ஊருக்குப் போனால் எதிர்த்தரப்புக்காரர்கள் இருப்பார்கள். அப்படி வந்த ஒருவர், உள்ளே நாங்கள் சொன்ன வார்த்தையை நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தார். எந்தச் சபை என்று சொல்லவில்லை. அவர் உட்கார்ந்த பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு இடத்துக்குப் போனார்கள். பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நின்றார். அடுத்த வாரம் வரவில்லை.

பிலேமோனுக்குப் பவுல் எழுதிய நிருபம் ஒரே அதிகாரம்தான். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்புகிறார், என்னை ஏற்றுக்கொள்வதுபோல இவனை ஏற்றுக்கொள் என்கிறார். அவன் கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் வைத்துக்கொள் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார். சிறையில் இருந்தவர் வெளியே இருந்த சபையைக் கேட்கிறார். ஆகவே போதகர் ஐயாவிடம் என் விண்ணப்பம்: நாங்கள் உள்ளே போவதற்கு அனுமதிக் கடிதம் கொடுக்கிறீர்கள், நன்றி. வெளியே வருகிறவருக்கு ஒரு பெஞ்சும், வேலை கேட்டுப் போகும்போது கூட வர ஒரு ஆளும் கொடுங்கள்.

புதிதாகப் பெயர் கொடுத்தவர்களே, ஒரு வருஷம் தவறாமல் வர முடியாது என்று தோன்றினால் இன்றைக்கே பெயரை எடுத்துவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டோம். நாலு வாரம் போய்விட்டு நின்றுவிட்டால், அவருக்கு இன்னொரு மனு நின்றுபோனதாக ஆகும். வருகிறவர்கள் அடையாள அட்டையின் அசலைக் கொண்டு வாருங்கள். செல்போனை வீட்டில் வைத்துவிடுங்கள். வெளியே கொண்டுபோகச் சொல்லி யார் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். யாருக்கும் எதையும் மறைத்துக் கொண்டுபோகாதீர்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசலில் நிற்போம். பெயர் கூப்பிடும் நேரத்துக்கு முன்னால் உள்ளே போய்விடவேண்டும்.